கீழே இறங்கி வராத செய்தி

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து ஒரு கோட்டில் நேராக நிற்காது. ஸ்ரீராம்புரத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் தமிழ் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் விட்டாயிற்று என்று ஆபீசுக்குக் கொடுக்கும் துண்டுச் சீட்டுதான், அதுவும் கன்னடத்தில். சின்ன ர வர வேண்டிய இடத்தில் பெரிய ற வந்திருக்கும். ஒற்று இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. அச்சடிக்கும் பிள்ளைகள் அதையெல்லாம் திருத்திக்கொள்ளட்டும். கோபத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

அல்சூர் பக்கம் நம் தமிழ் ஆட்கள் போடும் ஆண்டு மலருக்காக ஆளுக்கு ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மறக்க முடியாத மனிதராக இருக்க வேண்டுமாம். மற்றவர்கள் தங்களுக்குப் படிப்புத் தந்தவர், வேலை வாங்கிக் கொடுத்தவர், பிரசவ வலியில் ஆட்டோ ஓட்டியவர் என்று எழுதுகிறார்கள். எனக்கும் அப்படி நாலு பேர் உண்டு. ஆனால் நல்லவர்களை மறந்துவிட முடிகிறது. அவர்கள் நம்மைத் தொந்தரவு செய்வதில்லை. மறக்க முடியாதவர் என்றால் எனக்கு ஒருவர்தான். அவர் பெயரை எழுத மாட்டேன். இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், இருக்கட்டும். அவருடைய மகனும் மருமகளும் நல்ல மாதிரி. தெருவில் எல்லாரும் கூப்பிட்டதுபோல நானும் மாடி சார் என்றே எழுதுகிறேன்.

அவர் எங்கள் வீட்டுக்காரர். மாடியில் அவர், கீழே நாங்கள். அரசுத் தொழிற்சாலையில், செய்து முடித்த சாமான்களின் அளவைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சித்திரை வெயிலிலும் கையில்லாத ஸ்வெட்டர் போட்டிருப்பார். கண்ணாடி கயிற்றில் தொங்கும். படியில் அவர் செருப்பு இறங்கும் சத்தம் கேட்டாலே என் மனைவி மல்லிகா அடுப்பைத் தணித்துவிடுவாள். ஏனென்றால் அவர் சும்மா இறங்க மாட்டார். இறங்கினால் கையில் ஒரு செய்தி இருக்கும்.

அந்தச் செய்தியை அவர் சொல்லும் விதம் ஒன்று உண்டு. உள்ளே வர மாட்டார். நிலைப்படியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "விஷயம் தெரியுமா?" என்பார். பிறகு வாயை மூடிக்கொள்வார். நாம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். "தெரியாது சார்" என்று நம் வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அடுத்த சொல் வரும். சொல்லாமல் இருந்தால் நிலைப்படியிலேயே நிற்பார். நான் ஒரு முறை பேசாமல் இருந்து பார்த்தேன். பக்கத்தில் கிடந்த பேப்பரை எடுத்துப் பிரித்துப் படித்துவிட்டு மறுபடி கேட்டார். அவர் ஜெயித்தார். நான் இயல்பிலேயே கூச்சக்காரன். ஒருவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எதையாவது ஒப்புக்கொண்டுவிடுவேன்.

செய்தி நல்லதாக இருந்து நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவுக்குத் தள்ளுவண்டியில் காய் கொண்டுவரும் அம்மாள் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு போன் கிடையாது. தருமபுரியில் இருந்த அவள் சொந்தக்காரர்கள் மாடி சார் நம்பரைத்தான் வைத்திருந்தார்கள். அவள் தம்பி வண்டியில் அடிபட்டு இறந்த அன்று, "தம்பிக்கு உடம்பு சரியில்லை, கிளம்பி வா என்று மட்டும் சொல்லுங்கள் சார், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர் இறங்கி வந்தார். அவள் மல்லிகாவுக்குக் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தாள். விஷயம் தெரியுமா என்று கேட்டார். தெரியாது சாமி என்றாள். "உன் தம்பி போயிட்டான்" என்றார். அவள் தராசைக் கீழே வைக்கவில்லை. அதைத் தூக்கிப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தாள். மல்லிகா ஓடிப்போய்ப் பிடித்தாள். மாடி சார் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இன்னும் கேள்விப்படாதவர்களுக்குச் சொல்ல முனை டீக்கடைக்கு நடந்தார்.

கெட்ட எண்ணம் என்று இதைச் சொல்ல முடியாது. அவர் யாரையும் ஏமாற்றியதில்லை, யார் பொருளையும் தொட்டதில்லை. மற்றவர்களுக்கு முன்னால் தனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மனிதனுக்கு எத்தனையோ பசி.

பூகம்பப் பித்து அவரைப் பிடித்துக்கொண்டது ஒரு மதியத்தில். எங்கேயோ தூரத்தில் பூமி லேசாக நகர்ந்ததில் எங்கள் வீட்டு அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணு என்று ஆடின. எல்லாரும் தெருவுக்கு வந்தோம். மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டுகிறார்கள் என்றார் ஒருவர். சிலிண்டர் வெடித்தது என்றார் இன்னொருவர். மாடி சாரும் இறங்கி வந்தார், ஆனால் அன்று அவரிடம் எதுவும் இல்லை. எதிர் வீட்டு ஆட்டோக்காரர் சலீம் போனை நீட்டினார்.

"இன்னா சார், உங்களுக்கே மாலூம் இல்லையா? பூகம்பம் சார். போன்ல வந்து எவ்ளோ நேரம் ஆச்சு."

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். மாடி சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சலீமின் போனைக் குனிந்து பார்த்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது. திரும்பிப் படியேறினார்.

அதற்குப் பிறகு அவர் படிக்க ஆரம்பித்தார். விளையாட்டாக இல்லை, பரீட்சைக்குப் படிப்பது போல. மகனிடம் சொல்லிப் புதுப் போன் வாங்கினார். உலகத்தில் எங்கெல்லாம் பூகம்பத்தைக் கவனிக்கிறார்களோ அங்கிருந்தெல்லாம் அந்தப் போனுக்குத் தகவல் வரும்படி செய்துகொண்டார். கூடத்துச் சுவரில் பெரிய உலகப்படம் ஒட்டினார். அலாஸ்காவில் ஆடினாலும் சிலியில் ஆடினாலும் எங்கள் மாடியில் டிங் என்று மணி அடித்தது. எங்கள் தெருவில் பம்பு அடைத்துக்கொள்கிற சத்தம், பால்காரன் சத்தம் போல அதுவும் ஒரு சத்தமாகிவிட்டது. சலீம் விடவில்லை. "சார், நேத்து எங்க மாமியார் வந்தாங்க, வீடே ஆடுச்சு. உங்களுக்கு வந்துச்சா?" என்பார். மாடி சார் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். அவருக்குக் கேலி புரிந்தது, ஆனால் இப்போது அவரிடம் முழு உலகமும் இருந்தது. சலீமிடம் ஒரு ஆட்டோதான் இருந்தது.

அவரிடம் நான் கற்றுக்கொண்டேன் என்பதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அது நேர்மை ஆகாது.

ஒரு காலையில் மொட்டை மாடித் தொட்டி வழிந்துகொண்டிருந்தது. மிதவை வால்வைப் பார்க்க நான் ஏறினேன். அவர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். எதுவும் கேட்காமல் அவராகவே பேச ஆரம்பித்தார். பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு இல்லை, பல துண்டுகள். ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தள்ளித் தள்ளி ஓர் இடத்தில் வழுக்கினால் அதிர்ச்சி எல்லாப் பக்கமும் ஓடும். முதலில் ஒரு வேகமான அலை வரும், அது அதிகமாகக் கெடுதல் செய்யாது. பின்னால் மெதுவான அலை ஒன்று வரும், அதுதான் ஆட்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுவது போல இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நேரத்தைப் பார்த்து எவ்வளவு தூரத்தில் என்று சொல்லிவிடலாம். ஆனால் எந்தப் பக்கம் என்று ஒரு கருவிக்குத் தனியாகச் சரியாகத் தெரியாது. அதனால்தான் உலகம் முழுக்கக் கருவிகள். பாழடைந்த சுரங்கத்தில், தீவில், பனிக்கட்டி மேல்கூட வைத்திருக்கிறார்கள். ஆளும் வண்டியும் இல்லாத இடமாகப் பார்த்து வைக்கிறார்கள். எல்லாம் ஒரே கடிகாரத்துக்கு ஓடுகின்றன.

தொட்டியில் கையை நனைத்து, சிமெண்டுத் தரையில் மூன்று வட்டம் போட்டார். "ஒவ்வொரு கருவியும் தன்னைச் சுத்தி ஒரு வட்டம் போடும். மூணு வட்டமும் எங்க ஒண்ணா தொடுதோ, அங்கதான்யா" என்றார். வட்டங்கள் வெயிலில் காயத் தொடங்கின. அப்போது அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. இதைச் சொல்ல அவருக்கு ஆள் கிடைத்ததே இல்லை போலிருக்கிறது.

எனக்கு உடனே புரிந்தது. பூமிக்கடியில் குழாய் கசிந்தால் நாங்கள் இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்துக் கேட்போம். ஒரே இடத்தில் கேட்டால் தண்ணீர் சத்தம் மட்டும் தெரியும். நாலு இடத்தில் கேட்டால்தான் எங்கே தோண்ட வேண்டும் என்று தெரியும். அதைச் சொன்னேன். நான் ஆசையோடு சொன்ன சில சொற்களில் அதுவும் ஒன்று.

அவர் சிரித்தார். "யோவ் வாட்டர்மேன், அது சாக்கடை ஓரத்துக் குழாய். இது பூமி" என்றார். வால்வை இறுக்கிவிட்டு இறங்கினேன்.

இன்னொரு நாள் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கௌரிபிதனூருக்கு பஸ் ஏறினார். அந்தப் பக்கத்தில் பூமிக்குள் கருவி புதைத்துக் காதுகொடுத்துக் கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது என்று படித்திருந்தார். கேட்டில் இருந்த காவலாளி மரியாதையான மனிதர். அனுமதி இல்லாமல் உள்ளே விட முடியாது என்று கன்னடத்தில் சொன்னார். வேலி ஓரத்தில் மாடு நடந்தாலும் உள்ளே கோடு விழும், தயவுசெய்து தள்ளி நில்லுங்கள் என்றார். மாடி சார் தன் பழைய வேலை அட்டையைக் காட்டிப் பார்த்தார். பயனில்லை. வேலிக்கு இப்பால் வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பினோம். பஸ்ஸில் அவர், "நீ எதுவும் பேசாதே" என்று மட்டும் சொன்னார். மறுநாள் டீக்கடையில் உள்ளே எத்தனை திரை, எத்தனை ஊசி, அதிகாரி தனக்கு எப்படிக் காபி கொடுத்தார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "இல்லையா?" என்றார். நான் டம்ளருக்குள் பார்த்தேன்.

இதுவரை அவர் எனக்கு வேடிக்கை மனிதர்தான். வெறுப்பு வந்தது என் மகள் ஜப்பானுக்குப் போன பிறகு.

பவித்ரா எங்களுக்கு ஒரே பெண். நர்சிங் படித்தாள். அதோடு நிற்காமல், வேலை முடிந்த மாலைகளில் ஜப்பான் மொழியும் கற்றாள். அங்கே கடலோர ஊர் ஒன்றில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. சில வருடம் வேலை செய்துவிட்டு அந்த நாட்டுப் பரீட்சை ஒன்றை எழுதித் தேறினால் அங்கேயே நிரந்தரமாக இருக்கலாம். எங்கள் குடும்பத்தில் யாரும் பார்க்காத உயரம் அது. அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது செருப்புச் சத்தம் இறங்கியது.

உலகத்திலேயே அதிகமாக ஆடும் இடங்களில் ஜப்பானும் ஒன்று என்பது தெரியுமா என்று மல்லிகாவைக் கேட்டார். தெரியாது சார் என்றாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். கடல் எப்படிப் பின்வாங்கும், பிறகு எப்படி வரும் என்பது வரை சொன்னார். பவித்ரா, "அங்க எல்லாத்துக்கும் ஏற்பாடு இருக்குது அங்கிள், ஆட்டம் வர்றதுக்கு முன்னாடியே போன் கத்தும்" என்றாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. மல்லிகாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் ஜப்பானில் எது நகர்ந்தாலும் எங்களுக்குத் தவறாமல் வந்தது. அங்கே சின்னச் சின்ன ஆட்டம் அடிக்கடி உண்டு. எங்கள் ஊரில் மின்சாரம் போவது போல அவர்களுக்கு அது. ஆனால் மல்லிகாவுக்கு அப்படி இல்லை. மேலே மணி அடித்தால் அவள் கை நின்றுவிடும். செருப்பு இறங்குகிறதா என்று காது கொடுப்பாள். இறங்கினால் மகளுக்கு போன் போடுவாள். வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட வேண்டும் என்பது அந்த இல்லத்தின் விதி, அதனால் பவித்ரா எடுக்க மாட்டாள். எடுக்கும்வரை இவள் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். நான் மாடி சாரிடம் போய், "வீட்ல பயப்படறாங்க சார், சொல்லாதீங்க" என்று சொல்ல எத்தனையோ முறை படியேறி, பாதியில் இறங்கியிருக்கிறேன்.

பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. நான் பக்கத்துத் தெருவில் வால்வு திறந்துகொண்டிருந்தேன். சலீம் ஆட்டோவில் வந்து, "ஜல்தி வாங்கண்ணா, அக்கா கீழ விழுந்துட்டாங்க" என்றார்.

நடந்தது இதுதான். மாடி சார் இறங்கி வந்து, பவித்ரா இருக்கும் கரையில் பெரிய பூகம்பம், ஏழுக்கு மேலே, சுனாமி எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். மல்லிகா போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அழுதுகொண்டே குரல் பதிவுகளாக அனுப்பினாள், வந்துடு வந்துடு என்று. பிறகு என்னைத் தேடி வெறுங்காலோடு ஓடினாள். சாக்கடை மூடியிருந்த கல் பலகை ஒன்று ஆடியதில் தடுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. நான் போனபோது கை வீங்கித் தொங்கியது. அவளுக்கு வலி தெரியவில்லை. "என்னங்க, கடல் வந்துடுச்சாங்க? மேல போய்க் கேளுங்க" என்றாள்.

அன்று நான் பாதியில் இறங்கவில்லை. அவர் கூடத்தில் உட்கார்ந்து அவல் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பொண்ணு போன் எடுக்கவில்லை, அங்கே என்ன நிலைமை என்று கேட்டேன்.

"ஓ, அதுவா" என்றார். "அது அப்பவே கேன்சல் பண்ணிட்டாங்களே. கடல்ல ஒண்ணும் பெருசா இல்ல. நம்பரும் குறைச்சுட்டாங்க, ஏழு இல்ல, ஆறு சில்லறைதான். முதல்ல வர்ற கணக்கு சும்மா அவசரக் கணக்குய்யா. கொஞ்சம் கருவியை மட்டும் வச்சு மிஷின் போடறது. அப்புறம் எல்லா இடத்துல இருந்தும் வந்ததும் ஆளுங்க உட்கார்ந்து பார்த்துத் திருத்துவாங்க."

"உங்களுக்கு எப்ப சார் தெரியும்?"

"நான் மேல வந்து கொஞ்ச நேரத்துலேயே வந்துடுச்சு."

"கீழ வந்து சொல்லியிருக்கலாமே சார்."

அவர் கரண்டியைத் தட்டில் வைத்தார். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. அதை நான் அவர் முகத்தில் பார்த்தேன். அவர் முகத்தில் ஏதாவது கள்ளம் இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் மறந்திருப்பேன்.

"அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

வேலை முடிந்து பவித்ரா போனைத் திறந்தபோது அம்மாவின் குரல்கள் வரிசையாக இருந்தன. ஆட்டம் வந்ததும் அவர்கள் படுக்கையோடு பாட்டிமார்களை மேல் மாடிக்கு ஏற்றியிருக்கிறார்கள். எச்சரிக்கை விலகியதும் கீழே இறக்கித் தேநீர் கொடுத்திருக்கிறார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் வீடியோவில் அம்மாவைக் கையில் கட்டோடு பார்த்தாள். மணிக்கட்டுக்குள் தகடு வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீ வராவிட்டால் ஊசிகூடப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று மல்லிகா பிடிவாதம் பிடித்தாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. பவித்ரா கிளம்பி வந்துவிட்டாள். பரீட்சை போயிற்று. இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியாது என்று அந்த இல்லத்திலும் சொல்லிவிட்டார்கள்.

அவள் ஒரு சொல் குறை சொல்லவில்லை. ராஜாஜிநகரில் ஒரு நர்சிங் ஹோமில் இரவும் பகலுமாக ஷிப்டுக்குப் போனாள். ஜப்பான் புத்தகங்களைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். சோறு போடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிட்டாள். மாடி சார் தெருவில், "நான் சொன்னதாலதான் பொண்ணு தப்பிச்சா" என்றார். அதை மல்லிகா நம்பினாள். மேலே அவர் என்னிடம் சொன்னதை நான் அன்றே அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "அவ்ளோ படிச்ச மனுஷன் அப்படிச் சொல்வாரா? உங்களுக்குச் சரியா கேட்டிருக்காது" என்றாள். கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாக, அந்த வலிக்கிற கையாலேயே கேசரி பாத் கிண்டி மேலே கொடுத்தனுப்பினாள். டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். என் வாழ்க்கையில் நான் தூக்கிய எந்தச் சுமையும் அவ்வளவு கனக்கவில்லை.

அவர் யார் என்று மல்லிகாவுக்குத் தெளிந்தது ஒரு மாலையில். பவித்ராவுக்கு அன்று விடுமுறை. செருப்பு இறங்கியது. மறுபடி அதே கரை, மறுபடி கடல் எச்சரிக்கை. "நல்லவேளை நீ இங்க இருக்க" என்று பவித்ராவிடம் சொல்லிவிட்டு மேலே போனார். மல்லிகா கும்பிட்டாள். பவித்ரா தன் போனைத் தரையில் எல்லாருக்கும் தெரியும்படி வைத்தாள்.

"அம்மா, கதவைச் சாத்தாதே. எச்சரிக்கையை எடுத்ததும் இதுல வரும். அதே நேரம் அங்கிள் போன்லயும் வரும். அவர் வந்து சொல்றாரான்னு பார்ப்போம்" என்றாள்.

"வருவாரு. ஏன் வர மாட்டாரு" என்றாள் மல்லிகா.

மூவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். மல்லிகா கீரை ஆய்ந்தாள். ஆய்ந்து முடித்து, ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தாள். வெளிச்சம் குறையும் நேரத்தில் பவித்ராவின் போன் மினுங்கியது. எச்சரிக்கை விலகியது. அதே மூச்சில் மேலே டிங் என்றது. மல்லிகா நிமிர்ந்து படிக்கட்டைப் பார்த்தாள். மேலே நாற்காலி நகர்ந்தது. செருப்பு நடந்தது. சமையலறைப் பக்கம் போயிற்று, குழாய் திறந்தது, நின்றது. திரும்பி வந்தது. டிவி ஓட ஆரம்பித்தது. தெருவிளக்கு எரிந்த பிறகும் அவள் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவர் இறங்கி வந்துவிட்டால்கூட நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன்.

கடைசியில் அவளே எழுந்து கதவைச் சாத்தினாள்.

"வேற வீடு பாருங்க" என்றாள். அடுப்படிக்குப் போனவள் அங்கிருந்தபடியே, "நீ அந்தப் புஸ்தகத்தை எடுத்துத் தூசி தட்டுடி" என்றாள்.

ஆனேக்கலில் வீடு கிடைத்தது. எனக்கு வேலைக்குப் போக பஸ் மாறி பஸ். பரவாயில்லை. நாங்கள் காலி செய்த அன்று மாடி சார் கீழே வந்து, டெம்போவில் சாமான் ஏறுவதைப் பார்த்தபடி நின்றார். ஆனேக்கல் பக்கம் நிலத்தடித் தண்ணீர் எவ்வளவு ஆழத்துக்குப் போய்விட்டது என்பது தெரியுமா என்று கேட்டார். பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டு டெம்போவில் ஏறிக்கொண்டேன். அவர் இன்னும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.

பவித்ரா மறுபடி மனுப் போட்டு, மறுபடி நேர்முகம் முடித்து, போன வருடம் கிளம்பினாள். இந்த முறை வேறு இல்லம், அதே கடல். முதல் படியில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அவள் வயதுக்காரிகள் பரீட்சை தேறிவிட்டார்கள். இவளுக்கு அது இனிமேல்தான். அந்த வருடங்களை அவளுக்கு யாரும் திருப்பித் தர மாட்டார்கள். மாடி சாருக்கு வயதாகிவிட்டது, காது மந்தம், மகன் வீட்டில் ஓர் அறையில் தனியாகக் கிடக்கிறார், மன்னித்துவிடுங்கள் என்று சலீம் போனில் சொன்னார். சலீமுக்கு மனசு பெரியது. எனக்கு அந்த அளவு இல்லை.

கிளம்பும்போது பவித்ரா என் போனிலும் பூகம்பத் தகவல் வரும்படி செய்து கொடுத்தாள். எதை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தாள். முதலில் வரும் எண்ணை நம்பாதே, திருத்தி வரும் எண்ணைப் பார், அதற்குள் நானே கூப்பிடுவேன் என்றாள்.

இன்று மதியம் சாப்பாட்டுக்கு முன் போன் அடித்தது. ஜப்பான். அவள் இருக்கும் பக்கம். எண் பெரியதாகத்தான் இருந்தது. மல்லிகா உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டு, டிவியில் யாரோ சொன்னதற்குத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் எனக்கு நாக்கில் ஒரு ருசி வந்தது. பயத்துக்கு நடுவிலும் அது இருந்தது. இவ்வளவு நாளும் அந்த மனிதருக்கு இதில் என்ன கிடைக்கிறது என்று எனக்குப் புரிந்ததில்லை. இன்று புரிந்தது. புரிந்ததால் அவர் மேல் கோபம் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது.

போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துவைக்கும் கல்லிடம் போய் நின்றேன். பிறகு கல்லிலேயே உட்கார்ந்தேன். எண் ஒரு முறை மாறிக் குறைந்தது. கடலுக்கு எச்சரிக்கை இல்லை என்று வந்தது. அதற்கும் பிறகுதான் அவள் கூப்பிட்டாள். "அப்பா, ஆட்டம் நின்னுடுச்சு. ஜாடி ஒண்ணுதான் உடைஞ்சுது. எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மாகிட்ட குடு."

உள்ளே போனேன். மல்லிகா என் முகத்தைப் பார்த்துக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பவி லைன்ல இருக்கா" என்றேன். "நல்லா இருக்கா. அங்க கொஞ்சம் ஆடுச்சாம், நின்னுடுச்சு."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். உடைந்தது எந்த ஜாடி, யார் வாங்கியது, கண்ணாடித் துண்டு காலில் குத்தாமல் கூட்டினாயா என்றெல்லாம் கேட்டாள். நான் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு மறுபடி பின்பக்கம் வந்தேன். பல மாதமாக மலர்க்காரர்களிடம் நாளை, நாளை மறுநாள் என்று சொல்லிக்கொண்டிருந்ததை இன்று ஒரே மூச்சில் எழுதிவிட்டேன்.

ஆனேக்கல்,
கார்த்திகை இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.